நோய் கற்பித்த பாடம்



திருவிழா, இறைவனை வணங்கும் நாள். நமக்கு முன் இம்மண்ணில் வாழ்ந்து மறைந்தோரை நினைக்கும் நாளும் அதுவே. மலாயாவில் தோட்டந்தோறும் கோயில் எழுப்பியவர்கள் ஏட்டில் பெயர் பொறிக்கப்படாத எளிய மக்கள். கூலிப் பணத்தில் மிச்சம் பிடித்து, அத்தாப்புக் கூரையின் கீழ்க் கல் ஒன்றை நட்டு, அதில் தெய்வத்தைக் கண்டனர். மழைக்கும் நோய்க்கும் உரிய மாரியம்மனைத் தோட்டத்து மக்கள் பெரிதும் நாடியதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய வாழ்வில் நோய் அன்றாடம் வந்துபோகும் விருந்தாளி.

அந்நோய்களுள் கொடியது குளிர்காய்ச்சல் எனப்பட்ட மலேரியா. மலாயா அதனை எவ்வாறு எதிர்கொண்டது என்ற வரலாற்றில், ஆலயம் நடத்துவோரும் சங்கம் நடத்துவோரும் அறிய வேண்டிய ஓர் உண்மை பொதிந்துள்ளது. சிக்கலைத் தீர்ப்பது வேறு. அதிலிருந்து கற்பது வேறு. ஒரு முறை பலித்துவிட்டால், அது ஏன் பலித்தது என்று கேட்போர் சிலரே. பொய்த்துவிட்டால், ஏன் பொய்த்தது என்று கேட்போர் அவரினும் சிலர். அக்கேள்வி கேட்கப்பட்டபோது நம் முன்னோரின் உயிர்கள் தப்பின. கேட்கப்படாதபோது உயிர்கள் போயின. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டமும் காய்ச்சலும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை உயர உயர, மலாயாவின் காடுகள் விரைந்து அழிக்கப்பட்டன. தஞ்சை, திருச்சி, சேலம், ஆற்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் கப்பலேறி வந்தனர். ஒப்பந்தக் கூலி முறையில் வந்தோர் உண்டு. கங்காணியின் பின்னே ஊரும் உறவுமாக வந்தோரும் உண்டு. ஜொகூரில் கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909இல் நிறைவுற்றது. நம் செடெனாக் அப்பாதையின்மேல் அமைந்த ஊர். இரயில் சென்ற வழியெல்லாம் தோட்டங்கள் சென்றன. தோட்டங்கள் சென்ற வழியெல்லாம் தமிழர் சென்றனர்.

காட்டைத் திருத்தியோரும், கால்வாய் வெட்டியோரும், கன்று நட்டோரும் அவர்களே. வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே பலர் காய்ச்சலில் விழுந்தனர். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும், நடுக்கமும், கொதிக்கும் உடலும், பிறகு வியர்வையும் வரும். காலைப் பெரட்டுக்கு எழுந்து நிற்க இயலாதவனைச் சோம்பேறி எனக் கடிந்ததும் உண்டு. உண்மையில் அவன் மண்ணீரல் வீங்கி, இரத்தம் வற்றி இருந்தான். குழந்தைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது.

‘மலேரியா’ என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் ஆவியே நோய்க்குக் காரணம் என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், இந்தியாவின் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அனோபிலிஸ் என்னும் இனத்துக் கொசுவே நோயைப் பரப்புகிறது என்பது அதன்பின் உறுதிப்பட்டது. கொசுவை ஒழித்தால் நோய் ஒழியும் என்ற நம்பிக்கை பிறந்தது.

கிள்ளானில் கிடைத்த வெற்றி

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் சிலாங்கூரில் உள்ள கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அருகிலேயே சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என்று அழைப்பது அதுவே. திறந்த சில வாரங்களில் அங்குப் பணியாற்றியோர் கூட்டங்கூட்டமாக நோயுற்றனர். துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

வாட்சனின் பரிந்துரையின்படி, ஊரைச் சூழ்ந்திருந்த காடும் புதரும் வெட்டப்பட்டன. சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டி நீர் வடிக்கப்பட்டது, குட்டைகள் தூர்க்கப்பட்டன. பயன் வியக்கத்தக்கதாயிருந்தது. கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தோர் 1901இல் 368 பேர். 1902இல் 59 பேர். 1903இல் 46 பேர். 1905இல் 45 பேர்.

வாட்சன் இந்த எண்ணிக்கையோடு நின்றுவிடவில்லை. கால்வாய் வெட்டப்படாத சுற்றுவட்டாரத்தின் மரணக் கணக்கையும் அருகே வைத்து ஒப்பிட்டார். அங்கு மரணம் அவ்வாறு குறையவில்லை. 1905இல் கூடியே இருந்தது. ஆகவே, நோய் தானாகத் தணிந்ததன்று, செய்த வேலையால் தணிந்தது என்பது தெளிவாயிற்று. செய்த இடத்தையும் செய்யாத இடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிய பழக்கம். அதனைச் செய்யும் அமைப்புகள் மிகக் குறைவு.

மியான்மீரில் நேர்ந்த தோல்வி

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், இன்று பாகிஸ்தானில் உள்ள லாகூருக்கு அருகில், மியான்மீர் என்னும் படைமுகாமிலும் இத்தகைய முயற்சி நடைபெற்றது. தேர்ந்த மருத்துவர்களே அதனை நடத்தினர். குட்டைகளைத் தூர்த்தும் கொசுப்புழுக்களை அழித்தும் காய்ச்சல் குறையவில்லை. கொசுவை ஒழித்து மலேரியாவைக் கட்டுப்படுத்த இயலாது என்ற முடிவுக்கு இந்தியாவில் பலர் வந்தனர். முயற்சி போதிய பரப்பிலும் போதிய செலவிலும் நடைபெறவில்லை என்று ராஸ் கண்டித்தார். இருப்பினும் அத்தோல்வி பல ஆண்டுகள் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டு வந்தது.

‘அங்கே செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை’ என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ நல்ல முயற்சிகளைத் தொடக்கத்திலேயே முறித்துவிடும். எங்கே, எவ்வளவு, எந்நிலையில் செய்தார்கள் என்று கேட்டாலன்றி அத்தோல்வி நமக்கு எதையும் கற்பிப்பதில்லை.

மேட்டுநிலம் உரைத்த மறுப்பு

தோல்வி தவறான பாடம் கற்பிக்கக்கூடும் என்பது போலவே, வெற்றியும் தவறான பாடம் கற்பிக்கக்கூடும். கிள்ளானின் வெற்றியைக் கண்டோர் அதிலிருந்து பெற்ற பாடம் எளிமையானது: காட்டை வெட்டு, நீரை வடி, காய்ச்சல் போய்விடும். கடலோரச் சமநிலத் தோட்டங்களில் அது மெய்யாகவே பலித்தது.

உள்நாட்டின் மேட்டுநிலத் தோட்டங்களிலோ அது நேர்மாறாக முடிந்தது. அங்கும் காட்டை வெட்டினர். ஓடைகளைத் துப்புரவு செய்தனர். தேங்கிய நீரை ஓடவிட்டனர். காய்ச்சல் குறையவில்லை, முன்னிலும் கொடிதாயிற்று. காடு அடர்ந்திருந்தபோது நலமாயிருந்த பள்ளத்தாக்குகள், வெட்டித் திருத்திய பின் நோயின் இருப்பிடங்களாயின.

வாட்சன் பின்னர் அரசுப் பணியை விட்டுத் தோட்டங்களின் மருத்துவரானவர். இந்நிலையில் இரண்டு வழிகள் இருந்தன. தொழிலாளர் சரியாக வேலை செய்யவில்லை, இன்னும் ஆழமாக வெட்டுங்கள் என்று பழைய முறையையே அழுத்திச் செய்வது ஒரு வழி. தம் வெற்றிக்குத் தாம் கருதிய காரணமே சரிதானா என்று வினவுவது மற்றொரு வழி. வாட்சன் இரண்டாம் வழியைத் தேர்ந்தார்.

தோட்டந்தோறும் சென்று குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மண்ணீரல் வீங்கிய குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் வாழும் லயம் எங்கே உள்ளது, ஓடை எவ்வளவு தொலைவு என்று குறித்துக்கொண்டார். நீர்நிலைகளில் கொசுப்புழுக்களை அள்ளி, எவ்வகைக் கொசு எங்கே வளர்கிறது என்று ஆராய்ந்தார். விடை அங்கே கிடைத்தது.

கடலோரச் சமநிலத்தில் நோய் பரப்பியது அனோபிலிஸ் அம்புரோசஸ் என்னும் கொசு. அது காட்டு நிழலில், தேங்கிய நீரில் வளர்வது. காட்டை வெட்டி நீரை வடித்தபோது அதன் வீடு அழிந்தது. மேட்டுநிலத்தில் நோய் பரப்பியது அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் வேறொரு கொசு. அது வெயில் படும் இடத்தில், தெளிந்து மெல்ல ஓடும் நீரில் வளர்வது. அங்கே காட்டை வெட்டியபோது நிழல் போயிற்று. வெயில் ஓடையில் விழுந்தது. கொசுவை விரட்டுவதாக எண்ணி அதற்கு வீடு கட்டிக் கொடுத்தனர். கிள்ளானில் உயிர் காத்த அதே கோடரி, மேட்டுநிலத்தில் உயிர் குடித்தது.

காரணம் தெரிந்தபின் மருந்தும் மாறியது. மேட்டுநிலத்து ஓடைநீரைக் குழாய்களில் செலுத்தி மண்ணுக்கடியில் மறைக்கும் முறை கையாளப்பட்டது. சிலாங்கூரில் இருந்த சீஃபீல்டு தோட்டம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பனாமாக் கால்வாய் வெட்டியபோது அங்கு நீரின்மேல் எண்ணெய் தெளித்து வந்தனர். அம்முறையை வாட்சன் மலாயாவுக்கும் கொண்டுவந்தார். நீர்ப்பரப்பில் எண்ணெய் படர்ந்தால் கொசுப்புழு மூச்சுவிட இயலாமல் மாளும். குழாய் புதைப்பதினும் இதற்குச் செலவு குறைவு. ஆனால் வாரந்தோறும் தவறாமல் செய்ய வேண்டும். லயங்களை ஓடைகளிலிருந்து தள்ளி அமைக்கவும் அவர் வற்புறுத்தினார்.

எந்தக் கொசு என்று முதலில் கண்டறிந்து, அதற்கேற்ற முறையை மட்டும் கையாள வேண்டும் என்னும் இக்கொள்கை, பின்னர் உலகின் பல பகுதிகளிலும் ஏற்கப்பட்டது. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்பே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்று வள்ளுவர் அறிவுறுத்தியதும் இதனையேயன்றோ!

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. தோட்ட முதலாளிகள் இதற்குப் பொருள் செலவிட்டது இரக்கத்தால் மட்டுமன்று. ஆள் இறந்தால் வேலை நிற்கும். புதிய ஆளைக் கப்பலேற்றக் காசு வேண்டும். நோக்கம் எதுவாயினும் பயன் நம்மவரைச் சேர்ந்தது. ஆனால் அப்பாடத்துக்கான கட்டணத்தைச் செலுத்தியவர்களும் நம்மவரே. வீங்கிய மண்ணீரலோடு வரிசையில் நின்ற குழந்தைகள் இல்லையெனில் அந்தக் கணக்கும் இல்லை. அந்த அறிவும் இல்லை. அவர்களுடைய பெயர்களை எந்த நூலும் தாங்கி நிற்கவில்லை.

புழுங்கலரிசியின் சாட்சி

அதே காலத்தில் மலாயாவைப் பிடித்தாட்டிய மற்றொரு நோய் பெரிபெரி. கால்கள் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் சோர்ந்து மக்கள் இறந்தனர். இந்நோய் சீனத் தொழிலாளரைப் பெரிதும் வாட்டியது. தமிழரை அவ்வளவாகத் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்டார். சீனர் உண்டது நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. வேறுபாடு அடுக்களையில் இருந்தது.

1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர் இதனைச் சோதித்தார். ஒரு சாராருக்குப் பச்சரிசியும் மறு சாராருக்குப் புழுங்கலரிசியும் அளிக்கப்பட்டன. பச்சரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய் இருந்தது. அவ்விருவரும் வரும்போதே நோயுடன் வந்தவர்கள். கட்டடம்தான் காரணமோ என்ற ஐயத்தை நீக்க, இருசாராரின் இருப்பிடமும் இடையில் மாற்றப்பட்டது. நோய் கட்டடத்தோடு நிற்கவில்லை, அரிசியோடு சென்றது. பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் ஜெலுபுவில் சாவகத் தொழிலாளரிடையே நடத்திய ஆய்வும் இதனை உறுதிப்படுத்தியது. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் சத்தே உயிர் காப்பது என்பதும், நெல்லைப் புழுக்கும்போது அச்சத்து அரிசிக்குள் சேர்ந்துவிடுகிறது என்பதும் பின்னாளில் விளங்கின.

நெல்லைப் புழுக்கி உண்ட நம் பாட்டிமார்க்கு அதன் காரணம் தெரியாது. பழக்கம் மட்டும் தெரியும். மருத்துவருக்குப் பழக்கம் தெரியாது. காரணத்தைத் தேடத் தெரியும். இரண்டும் சந்தித்த இடத்தில் அறிவு பிறந்தது. எளிய மக்களின் பழக்கத்தை உற்றுநோக்காத எந்த அமைப்பும், தன் கையருகே உள்ள விடையைத் தொலைவில் தேடிக்கொண்டிருக்கும்.

கற்றதை இழந்த காலம்

ஒருமுறை கற்றுவிட்டால் அது என்றும் நிலைக்கும் என்பதற்கில்லை. 1942 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில், கால்வாய்கள் தூர்ந்தன. எண்ணெய் தெளிப்பு நின்றது. நம்மவர் ‘கொயினா’ என்றழைத்த மருந்து கிடைப்பதரிதாயிற்று. அடங்கியிருந்த காய்ச்சல் மீண்டும் தலைதூக்கியது. சயாம் - பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர், மலேரியாவுக்கும் வாந்திபேதிக்கும் பசிக்கும் அடிக்கும் இரையாயினர். மலேரியாவைத் தடுக்கும் வழி அப்போது உலகுக்குத் தெரியாததன்று. நூல்களில் இருந்தது. வாரந்தோறும் ஓடைக்குச் சென்று அதனைச் செய்யும் கைகளும், செய்விக்கும் மனமும் இல்லாதபோது நூலிலுள்ள அறிவு யாரையும் காப்பதில்லை.

போருக்குப் பின் முயற்சி மீண்டும் தொடர்ந்தது. 1967இல் தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 2018இல், மனிதரிடையே பரவும் உள்நாட்டு மலேரியா நம் நாட்டில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. நூற்றாண்டு உழைப்பின் கனி அது.

எனினும் கதை முடியவில்லை. குரங்குகளிடம் காணப்படும் ஒருவகை மலேரியா மனிதரையும் தாக்குவது 1965இல் முதன்முதலாக அறியப்பட்டது. அது அரிதாக நேர்வதன்று என்பதைச் சரவாக்கின் காப்பிட்டில் நடந்த ஆய்வு 2004இல் காட்டியது. காட்டை ஒட்டி வாழ்வோரும் காட்டில் வேலை செய்வோரும் இன்றும் இதற்கு ஆளாகின்றனர். பழைய விடை இதற்கு முழுதும் பொருந்தாது. எந்தக் கொசு, எந்த இடம், எந்த வழி என்ற பழைய கேள்விதான் மீண்டும் உதவ வந்துள்ளது.

ஆலயத்துக்கு உரிய பாடம்

இவ்வரலாறு நம் ஆலயத்துக்கும் உரியது. ஒரு சான்று கூறுவோம். இன்று நம்மை அச்சுறுத்துவது டிங்கிக் காய்ச்சல். அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஓடையிலும் சதுப்பிலும் வளர்வதன்று. வீட்டையும் கோயிலையும் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில் வளர்வது, பகலில் கடிப்பது. திருவிழா முடிந்தபின் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, நெகிழிக் குவளை, பூச்சாடி, கவிழ்க்காத அண்டா ஆகியவை அதற்குப் போதும். புகையடித்தால் பறக்கும் கொசு மாளும். நீரில் உள்ள புழு மாளாது. புகை வண்டி வந்து சென்றவுடன் கடமை முடிந்தது என்று அமைவோமாயின், கிள்ளானின் கோடரியை மேட்டுநிலத்துக்குக் கொண்டுசென்றவர்களின் வரிசையில் நாமும் சேர்வோம்.

நிர்வாகத்துக்கும் இது பொருந்தும். அரசுப் பணியில் இருப்போர் ஒன்றை நன்கறிவர்: கோப்பு மூடப்பட்டது என்பதற்கும் சிக்கல் தீர்ந்தது என்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆலயக் கூட்டக் குறிப்பேடுகளில் என்ன முடிவு செய்தோம் என்று எழுதப்படுகிறது. ஏன் அவ்வாறு முடிவு செய்தோம் என்பது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. நிர்வாகம் மாறும்போது காரணமும் போய்விடுகிறது. புதிதாக வந்தோர், ‘முன்பு அப்படித்தான் செய்தார்கள்’ என்று தொடர்கின்றனர். அல்லது, ‘முன்பு செய்து பலிக்கவில்லை’ என்று கைவிடுகின்றனர். இரண்டும் ஒரே மறதியின் இரு முகங்கள்.

ஆகவே, திருவிழா முடிந்த ஒரு வாரத்துக்குள், நினைவு மங்குமுன், ஒரு கூட்டம் கூட்டுதல் நலம். எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்னும் மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வைக்கலாம். அக்கூட்டத்தில் தலைவரும் செயலாளரும் மட்டும் பேசினால் போதாது. அன்னதானத்துக்குச் சமைத்தோர், பாத்திரம் கழுவியோர், வாகனங்களை ஒழுங்குபடுத்திய இளைஞர் ஆகியோரின் சொல்லும் அதில் ஏற வேண்டும். அண்டா எப்போது தீர்ந்தது என்பது கரண்டி பிடித்தவருக்கே தெரியும். குறை கூறுவோரைப் பகைவராகக் கருதாமல், மேட்டுநிலத்து நோய்க் கணக்கைப் போல் நமக்கு வந்த செய்தியாகக் கருத வேண்டும்.

செடெனாக்கும் மாறி வருகிறது. கித்தாக் காடுகள் செம்பனையாயின. செம்பனை நின்ற நிலத்தில் இன்று கணினித் தரவு மையங்கள் எழுகின்றன. உலகின் செய்திகளையெல்லாம் சேமித்து வைக்கும் பெரும் பொறிகள் நம் ஊருக்கு வந்துவிட்டன. ஆனால் சேமித்து வைப்பது கற்பதாகாது. ஏன் என்று கேட்கும் மனம் மனிதரிடத்தில் அல்லவா இருக்க வேண்டும்!

இம்மண்ணைத் திருத்திக் காய்ச்சலில் மடிந்த பெயர் தெரியாத முன்னோர்க்கு நாம் இந்நன்னாளில் ஒரு விளக்கேற்றுவோம். அவர்கள் உயிரைக் கொடுத்து வாங்கிய அறிவை மறவாதிருத்தலே அவர்களுக்குச் செய்யும் உண்மையான வழிபாடு. எல்லாம் வல்ல இறைவன் அதற்கான தெளிவையும் ஒற்றுமையையும் நமக்கு அருள்வானாக.

வாழ்க ஆலயப் பணி! வளர்க நம் சமுதாயம்!